எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பெங்களூரின் தொம்மலூரில் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்பட்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. அங்குள்ள சொக்கநாதர் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தோம்பலூர் என்றிருக்கிறது. அந்த அண்டைவீட்டு உறவு இன்றும் கண்ணில் படும் இடங்களில் ஒன்று திண்ணை விளையாட்டு. தமிழ் வீட்டுப் பாட்டி தாயக்கட்டை உருட்டுவார். கன்னட வீட்டில் நான்கு சோழிகளைக் குலுக்கிப் போட்டு சௌக்காபாரா ஆடுவார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் கர்நாடகத்தின் பி.யு.சி. இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் எடுத்தால் பெர்னோலி, ஈருறுப்பு, பாய்சான், ஹைப்பர்ஜியாமெட்ரிக் என்ற பெயர்களை வரிசையாகச் சந்திக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்திலும் ஈருறுப்பும் பாய்சானும் உண்டு. சூத்திரம் மனப்பாடமாகிறது, மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் கையில் உருட்டிய கட்டைக்கும் புத்தகத்தில் உள்ள அட்டவணைக்கும் என்ன உறவு என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இல்லை.

தனிநிலைப் பரவல்களைப் பற்றிய அறிமுகப் பாடம் எங்கே தடுமாறுகிறது, அதை எங்கே பிடித்து நிமிர்த்தலாம் என்பதே இங்கே பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பரவலும் ஓர் எண்ணிக்கை எப்படி உண்டாயிற்று என்பதைப் பற்றிய ஒரு கூற்று. எதை எண்ணுகிறோம், எது நிலையாக நிற்கிறது, ஒரு முயற்சி அடுத்ததைத் தொடுகிறதா, வாய்ப்பு எல்லா முயற்சியிலும் ஒன்றேதானா என்று கேட்ட பிறகுதான் சூத்திரம் வர வேண்டும். நம் வகுப்புகளில் சூத்திரம் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தக் கேள்விகள் வருவதே இல்லை.

தாயத்திலிருந்தே தொடங்கலாம். கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு நீளப் பக்கங்கள்: மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு. ஏழும் ஏழில் ஒரு பங்கு என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். இந்தத் தவறுக்கு நல்ல வம்சம் உண்டு. 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தலாம்பேர் என்ற பெரிய கணித அறிஞர், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். முதல் சுண்டலில் தலை, இரண்டாவதில் தலை, இரண்டிலும் இல்லை என்று மூன்று முடிவுகளைச் சமமாக வைத்துவிட்டார். சரியான விடை நான்கில் மூன்று. தாயத்திலும் சமமானவை ஏழு எண்கள் அல்ல, இரு கட்டைகளின் பதினாறு சேர்க்கைகள். அவற்றில் 3 நான்கு வழிகளில் விழும். 2-உம் 4-உம் மும்மூன்று வழிகளில். 1-உம் 5-உம் இவ்விரண்டு வழிகளில். 6-உம் 12-உம் ஒவ்வொரு வழியில். இந்தப் பட்டியல்தான் நிகழ்தகவு நிறைச் சார்பு. வேறொன்றும் மர்மமில்லை.

இதன் சராசரி 3.75. "மூன்றே முக்கால் எப்படி விழும்?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி, அதை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. விழாது. நெடுநேரம் ஆடினால் ஓர் உருட்டலுக்கு இவ்வளவு என்று வந்து சேரும் விகிதம் அது. இன்னொன்றையும் செய்து பார்க்கச் சொல்லலாம். இரு வெறுமைக்குப் பன்னிரண்டு தராமல் சுழியம் என்றே வைத்தால் சராசரி 3, சிதறலை அளக்கும் பரவற்படி 2.5. பதினாறில் ஒரே ஒரு சேர்க்கைக்குப் பன்னிரண்டு கொடுத்ததும் பரவற்படி 6.44 ஆகிவிடுகிறது. அரிதாக வரும் பெரிய எண் ஒன்று ஆட்டத்தின் குணத்தையே மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது. 1, 5, 6, 12 விழுந்தால் மறு உருட்டல் உண்டு என்ற வழக்கமான விதியையும் சேர்த்துக்கொண்டால், மறு உருட்டல் கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஆறு. ஒருவர் கைக்குச் சராசரியாக 1.6 உருட்டல், அதனால் 6 புள்ளி.

காய் இறங்கத் தாயம், அதாவது 1, விழ வேண்டும். தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று, ஆகவே சராசரிக் காத்திருப்பு எட்டு உருட்டல். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எட்டு உருட்டலுக்குள் தாயம் வந்தே தீரும் என்று சராசரியை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். எட்டும் போய்த் தாயம் விழாமலிருக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு. பதினாறு போயும் விழாமலிருப்பது கிட்டத்தட்ட 12 விழுக்காடு. மறுபுறம், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆறு உருட்டலுக்குள்ளேயே இறங்கிவிடுவார்கள். ஜியாமெட்ரிக் பரவல் என்று பாடநூல் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான். அதன் விசித்திரமான பண்பு, கட்டைக்கு நினைவு கிடையாது என்பது. பத்து முறை விழவில்லை என்பதால் பதினோராவது முறை வாய்ப்பு கூடுவதில்லை. "இத்தனை நேரம் விழல, இப்ப விழும்" என்று சொல்லாத வீடு இல்லை. அந்த நம்பிக்கையைக் கண்டிப்பதைவிட, ஒரு மதியம் உருட்டல்களைக் குறித்துவைத்து, பத்து தோல்விக்குப் பின் என்ன நடந்தது என்று பார்க்கச் செய்வது நல்லது.

இனி சோழி. சௌக்காபாராவில் நான்கு சோழிகள். வாய் மேலே பார்த்து விழுந்தவை எத்தனையோ அத்தனை புள்ளி. நான்கும் கவிழ்ந்தால் எட்டு. வாய் மேலாக விழும் சோழிகளின் எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலின் இலக்கணமான உதாரணம் போலத் தோன்றும். நான்கு முயற்சி, ஒவ்வொன்றுக்கும் இரண்டே முடிவு. ஆனால் வாய்ப்பு எவ்வளவு? நாணயத்துக்கு அரை என்று யோசிக்காமல் எழுதிவிடுகிறோம். சோழிக்கு அப்படி எழுத முடியாது; ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் வாய், எடையும் வளைவும் வேறு. அரை என்று வைத்தால் நான்கும் எட்டும் ஒரே அளவில், பதினாறில் ஒன்றாக விழும். வாய் மேலாகும் வாய்ப்பு 0.4 என்றால் எட்டு விழுவது 13 விழுக்காடு, நான்கு விழுவது 2.6 விழுக்காடு, ஐந்து மடங்கு வித்தியாசம். ஆகவே ஒரு வீட்டில் ஒரு மாலை எட்டு எத்தனை, நான்கு எத்தனை என்று எண்ணினாலே அந்தச் சோழிகளின் சாய்வைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். தெரிந்த வாய்ப்பிலிருந்து எண்ணிக்கைக்குப் போவது நிகழ்தகவு. பார்த்த எண்ணிக்கையிலிருந்து தெரியாத வாய்ப்புக்குத் திரும்புவது புள்ளியியல். சோழி இரண்டையும் ஒரே கைப்பிடியில் வைத்திருக்கிறது.

சீரான பகடை என்பதும் ஓர் அனுமானம்தான். இங்கிலாந்தில் வெல்டன் என்ற உயிரியலாளர் 1894 அளவில் பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை வீசிய பதிவுகளைத் திரட்டினார். ஐந்தோ ஆறோ விழுவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3333 என்று இருக்க வேண்டும், கிடைத்தது 0.3377. சின்ன வித்தியாசமாகத் தெரிகிறது. ஆனால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பகடை வீச்சுகளில் தற்செயலாக வரக்கூடிய விலகலைப் போல ஐந்து மடங்கு அது. பார்த்த எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று சோதிக்கும் கை-வர்க்கச் சோதனையைக் கார்ல் பியர்சன் 1900-இல் அறிமுகப்படுத்திய கட்டுரையில் இந்தத் தரவையே எடுத்துக்கொண்டார். புள்ளிகளுக்காகக் குழி தோண்டிய பக்கம் இலேசாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

சோழியை விட்டுப் போகுமுன் இன்னும் ஆழமான ஒரு கேள்வி. நான்கு சோழிகளுக்கும் ஒரே வாய்ப்பு என்று யார் சொன்னது? இரண்டு சோழிகளுக்கு 0.2, மற்ற இரண்டுக்கு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் மேலாகும் எண்ணிக்கையின் சராசரி 2. எல்லாச் சோழிக்கும் 0.5 என்றாலும் அதே 2. பரவற்படியோ முன்னதில் 0.64, பின்னதில் 1. சோழிகள் தமக்குள் வேறுபட்டிருப்பது சிதறலைக் குறைக்கிறது. இப்போது வேறொரு ஏற்பாடு. வீட்டில் இரண்டு பைகள்; ஒன்றில் எல்லாமே 0.2 சோழிகள், மற்றதில் எல்லாமே 0.8 சோழிகள். ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணை மூடி ஒரு பையை எடுத்து வீசுகிறீர்கள். சராசரி மறுபடியும் 2. பரவற்படி 2.08. சோழிகளின் சராசரி வாய்ப்பு மூன்று ஏற்பாட்டிலும் ஒன்றே. சிதறல் மட்டும் 0.64, 1, 2.08. "வாய்ப்பு மாறாமல் இருக்க வேண்டும்" என்று ஈருறுப்புக்கான நிபந்தனைகளில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எழுதிக்கொண்டு போகிறோமே, அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கிறது. வேறுபாடு ஒரு வீச்சுக்கு உள்ளே இருக்கிறதா, வீச்சுக்கும் வீச்சுக்கும் இடையே இருக்கிறதா என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிவிடுகிறது. அறிமுக வகுப்பில் இதற்கு ஒரு முழு மணி நேரம் கொடுக்கலாம் என்பேன். பின்னால் வரும் பலவற்றுக்கு இது திறவுகோல்.

ஒரு பழைய ஜெர்மன் தரவு இதை மெய்யாகவே காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் சாக்சனி மாநிலத்தின் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து கைஸ்லர் என்பவர் குடும்பங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு குழந்தைகள் உள்ள 6,115 குடும்பங்கள். பன்னிரண்டும் ஆண் என்ற குடும்பங்கள் 7. பன்னிரண்டும் பெண் என்றவை 3. ஆண் பிறக்கும் வாய்ப்பு 0.519 என்று வைத்து ஈருறுப்பு சொல்வது இவற்றுக்கு ஏறக்குறைய 2, 1. ஓரங்கள் கனத்திருக்கின்றன. குடும்பத்துக்குக் குடும்பம் வாய்ப்பு கொஞ்சம் மாறுகிறது என்றால் இப்படித்தான் ஆகும். இரண்டு பைகளின் கதை.

மாதிரியின் அளவு பற்றி நம் மனம் செய்யும் பிழையை டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1972-இல் ஒரு கேள்வியால் வெளிக்கொண்டு வந்தார்கள். ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள். ஒன்றில் நாளுக்கு 45 பிரசவம், மற்றதில் 15. ஓராண்டில், 60 விழுக்காட்டுக்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்த நாள்கள் எங்கே அதிகம்? கேட்கப்பட்ட 95 மாணவர்களில் 53 பேர் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்றார்கள். பெரியது என்றவர்கள் 21, சிறியது என்றவர்கள் 21. ஈருறுப்பு தெரிந்த யாரும் கணக்கிடலாம். சிறியதில் ஆண்டுக்கு 55 நாள், பெரியதில் 25. விழுக்காடு என்ற போர்வை எண்ணிக்கையை மறைத்துவிடுகிறது. சிறிய பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் ஓர் ஆண்டு வானத்திலும் மறு ஆண்டு தரையிலும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். முதலிடம் பிடித்த பள்ளியையும் கடைசியில் நின்ற பள்ளியையும் அலசும் செய்திகளில் இந்தக் காரணத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பாய்சான் பரவலுக்கு வருவோம். முயற்சிகள் மிகப் பல, ஒவ்வொன்றிலும் வாய்ப்பு மிகக் குறைவு, சராசரி மட்டும் நடுத்தரம் என்றால் ஈருறுப்பு போய்ச் சேரும் இடம் இது. சிமியோன் பாய்சானின் 1837 நூலில் இருந்தாலும், இதற்கு உயிர் கொடுத்தவர் லாடிஸ்லாஸ் போர்ட்கியெவிச். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களை அவர் 1898-இல் எண்ணினார். பத்து படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். ஒரு சாவும் இல்லாதவை 109, ஒன்று 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. மொத்தம் 122 சாவு, சராசரி 0.61. அந்த ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் பாய்சான் சொல்வது 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. நான்கு பேர் இறந்த ஆண்டைப் பார்த்து அந்தப் பிரிவின் தளபதி கவனக்குறைவானவர் என்று தீர்ப்பெழுத எந்த ஆதாரமும் இந்த எண்களில் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, சில பேட்டைகளைக் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று மக்கள் நம்பினார்கள். ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் தெற்கு லண்டனைக் கால் சதுர கிலோமீட்டர் கொண்ட 576 கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் எண்ணி 1946-இல் வெளியிட்டார். ஒரு குண்டும் விழாத கட்டம் 229. பாய்சான் சொல்வது 226.7. ஒன்று விழுந்தவை 211; பாய்சான் 211.4. குண்டுகள் கொத்துக் கொத்தாக விழுந்தது உண்மை. தற்செயல் என்பதே கொத்துகளை உண்டாக்கும். ஒழுங்கான இடைவெளி விட்டு விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தொம்மலூர் நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு இந்த வேறுபாடு பயன்படும். கால அட்டவணைப்படி பேருந்துகள் வந்தால், குறிப்பிட்ட நேரத்தில் வரும் பேருந்துகளின் எண்ணிக்கையில் சிதறல் பாய்சானைவிடக் குறைவாக இருக்கும். ஒரு பேருந்து சற்றுத் தாமதித்தால் வழியில் கூட்டம் சேரும், ஏற்ற நேரமாகும், மேலும் தாமதிக்கும், பின்னால் வருவது நெருங்கிவிடும். இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும்போது சிதறல் பாய்சானைவிட அதிகம். பாய்சான் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவுகோல். பழைய விமான நிலையச் சாலை நெடுக இருக்கும் மென்பொருள் நிறுவனங்களில் வாடிக்கையாளர் அழைப்புகளை எத்தனை பேர் எடுக்க வேண்டும் என்று கணக்கிடுவதற்கும் அடிப்படை இதுவே. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் 1909-இல் போட்ட அடித்தளம் அது. ஒரே மின்தடையால் ஆயிரம் பேர் ஒன்றாக அழைக்கும் நாளில் அந்தக் கணக்கு கைவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். அழைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் அன்று உடைந்துபோகிறது.

அனுமானம் உடையும் இடத்தில் எவ்வளவு கற்கலாம் என்பதற்கு 1920-இல் கிரீன்வுட், யூல் இருவரும் எழுதிய கட்டுரை சான்று. முதல் உலகப் போர்க்காலத்தில் வெடிகுண்டு ஆலையில் வேலை செய்த 647 பெண்களுக்கு ஐந்து வாரங்களில் நேர்ந்த விபத்துகள்: ஒன்றும் இல்லை 447, ஒன்று 132, இரண்டு 42, மூன்று 21, நான்கு 3, ஐந்தும் அதற்கு மேலும் 2. சராசரி 0.47. பாய்சான்படி விபத்தே இல்லாதவர்கள் 406 பேர் இருக்க வேண்டும், இருந்தது 447. பாய்சானில் பரவற்படி சராசரிக்குச் சமமாக இருக்க வேண்டும், இங்கோ அது 0.69. எல்லோருக்கும் ஒரே அபாயம் இல்லை என்று வைத்து அவர்கள் கண்ட பொருத்தமே எதிர்மறை ஈருறுப்புப் பரவல். ஆனால் தரவு இங்கே ஒரு பூட்டும் போடுகிறது. சிலர் இயல்பிலேயே விபத்துக்கு ஆளாகிறவர்களா, சிலருக்கு ஆபத்தான இயந்திரம் வாய்த்ததா, முதல் விபத்து அடுத்ததை எளிதாக்கியதா? மூன்றிலும் ஒரே பரவல் வரக்கூடும். எண்ணிக்கையின் வடிவம் மட்டும் காரணத்தைச் சொல்லாது. "விபத்து ராசி உள்ள தொழிலாளி" என்ற கருத்து இந்த ஆய்வுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வளர்ந்ததை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. இயந்திரத்தைச் சோதிப்பதற்கு முன் ஆளைக் குற்றம் சொல்ல அது வழிவிட்டது.

இனி பெங்களூருக்கே மிக நெருக்கமான விஷயம். இந்தியாவின் மின்னணு வாக்கு இயந்திரங்களைச் செய்பவை இரண்டே நிறுவனங்கள்: பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். வாக்காளர் கண்ணெதிரே சீட்டு அச்சிடும் ஒப்புகை இயந்திரம் வந்த பிறகு, எத்தனை இயந்திரங்களின் சீட்டுகளை எண்ணி மின்னணுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்றிருந்ததை, 2019 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் 21 பேர் கேட்டது பாதி இயந்திரங்களை. இதற்கு முன்பே, சென்னைக் கணிதக் கழகத்தின் ராஜீவ கரந்திகர் உள்ளிட்ட குழு தேர்தல் ஆணையத்துக்கு அளித்த அறிக்கை, நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால் போதும் என்றது.

479 எங்கிருந்து வந்தது? பழுதானவை 2 விழுக்காடு என்று வையுங்கள். ஓர் இயந்திரத்தை எடுத்தால் அது நல்லதாக இருக்கும் வாய்ப்பு 0.98. எடுத்த 479-உம் நல்லவையாக அமைந்து, பழுது ஒன்றும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 0.98-இன் 479-ஆம் அடுக்கு. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களில் 479 எடுப்பது மிகச் சிறு பகுதியாகத் தெரிந்தாலும், முழுக்கூட்டத்தின் அளவு இந்தக் கணக்கில் ஏறக்குறைய நுழைவதே இல்லை. நம்ப மறுக்கும் மாணவர்களுக்கு இதை எத்தனை முறை விளக்கினாலும் தகும்.

இப்போது கேள்வியை மாற்றுங்கள். ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதி, 250 இயந்திரங்கள், அவற்றில் 5 பழுது. அதே 2 விழுக்காடுதான். ஐந்து இயந்திரங்களை எடுத்துப் பார்க்கிறோம். எடுத்ததைத் திருப்பி வைப்பதில்லை, எனவே ஒவ்வொரு முறையும் மிச்சத்தின் கலவை மாறுகிறது. இங்கே ஹைப்பர்ஜியாமெட்ரிக் பரவல் வேண்டும். ஐந்து பழுதும் தப்பிவிடும் வாய்ப்பு 90 விழுக்காடு. தொம்மலூர் அடங்கிய பெங்களூரு மத்திய மக்களவைத் தொகுதியில் எட்டு சட்டமன்றத் தொகுதிகள், ஆகவே 40 இயந்திரங்கள் எண்ணப்படும். மொத்தம் 2,000 என்று கணக்குக்காக வைத்து, 40 பழுது என்றால், ஒன்றும் அகப்படாத வாய்ப்பு 44 விழுக்காடு. அந்த ஒரு சட்டமன்றத் தொகுதியில் 99 விழுக்காடு உறுதியோடு ஒரு பழுதாவது அகப்பட 250-இல் 150 இயந்திரங்களை எண்ண வேண்டும்.

479-உம் சரி, 150-உம் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. நாட்டின் இயந்திரங்கள் மொத்தத்தில் எப்படி என்பதற்கு 479 போதும். ஒரு தொகுதிக்கு ஐந்து என்ற விதிப்படி நாடெங்கும் 20,000-க்கும் மேற்பட்டவை எண்ணப்படுகின்றன, அது தாராளம். ஒரு தொகுதியின் முடிவை நம்பலாமா என்பது வேறு. தமிழ்நாட்டின் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் வர்தன் ஷெட்டி 2018-இலிருந்தே, எந்தக் கூட்டத்தைப் பற்றிய முடிவு என்பதை வரையறுக்காமல் மாதிரி அளவைச் சொல்ல முடியாது என்று ஹைப்பர்ஜியாமெட்ரிக் அட்டவணைகளோடு எழுதியவர். தேர்தல் முடிவு தொகுதிவாரியாக அறிவிக்கப்படுகிறது, வேட்பாளர் தொகுதிவாரியாகத் தோற்கிறார். எனவே கேள்வி தொகுதிவாரியாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். 2024 ஏப்ரல் 26-இல் எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. கொள்கையளவில் எந்தப் பக்கம் நின்றாலும், அந்த வாதத்தைப் பின்தொடர ஒரு குடிமகனுக்குத் தேவைப்படும் கணிதம் பி.யு.சி. பாடத்துக்குள் இருக்கிறது. இதைப் பாடநூலில் வைக்காமல் பையில் உள்ள சிவப்பு நீலப் பந்துகளோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு.

தவறவிடும் வாய்ப்பு மாதிரியின் அளவோடு அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது என்பதை மேலே பார்த்தோம். அரிய விலகல்கள் எவ்வளவு அரியவை, அந்தச் சரிவின் வேகம் எதைப் பொறுத்தது என்ற கேள்வியைப் பொதுமைப்படுத்தி ஒரு பெருங்கோட்பாடாக வளர்த்தவர்களில் தலையானவர் சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன். 2007-இல் அவர் ஏபெல் பரிசு பெற்றார். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அவர் போனது தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்யும் எண்ணத்தோடு. அங்கே கே. ஆர். பார்த்தசாரதி, பெங்களூரில் பிறந்த வி. எஸ். வரதராஜன், ரங்கா ராவ் ஆகியோரின் நட்பு அவரைக் கணிதத்துக்குத் திருப்பியது. பெட்டியிலிருந்து சில பொருள்களை எடுத்துப் பார்த்து முழுப் பெட்டியையும் ஏற்பதா என்று முடிவெடுக்கும் தரக்கட்டுப்பாட்டுக் கணக்கும் வாக்கு இயந்திரக் கணக்கும் ஒன்றே என்பதை நினைத்தால், அவர் தொடங்கிய இடமும் சேர்ந்த இடமும் அத்தனை தூரமில்லை.

பாடம் நடத்தும் முறைக்கு வருகிறேன். மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. சூத்திரத்தை நிறுவி, பிறகு கணக்குகள் என்பது நமது வழி. கணினியில் ஆயிரக்கணக்கான முறை போலியாக உருட்டிப் பார்த்து வடிவத்தைக் கண்டபின் சூத்திரத்துக்குப் போவது இன்னொன்று. இப்போது பல நாடுகளில் செல்வாக்குப் பெற்றிருப்பது. உண்மைத் தரவிலிருந்து தொடங்கி, அதற்கு எந்தக் கதை பொருந்தும் என்று தேடுவது மூன்றாவது. இரண்டாவது வழி பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கணினி, நாம் சொன்ன அனுமானத்தின்படியே உருட்டும். அனுமானம் தவறு என்று ஒருபோதும் சொல்லாது. குதிரை உதையும் வெடிகுண்டு ஆலையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டால்தான், ஒன்றில் பொருந்துவதும் மற்றதில் பொருந்தாததும் ஏன் என்ற கேள்வி வகுப்பில் பிறக்கும். எனக்கு மூன்றாவதே முதன்மை.

நம் வினாத்தாள்களில் "பின்வரும் தரவுக்குப் பாய்சான் பரவலைப் பொருத்துக" என்றொரு வகை உண்டு. சராசரி கண்டுபிடி, எதிர்பார்க்கும் அலைவெண்களை எழுது, முழு எண்ணாக்கு, ஐந்து மதிப்பெண். பொருந்துகிறதா என்று கேட்பது குறைவு. பொருந்த வேண்டிய காரணம் இருக்கிறதா என்று கேட்பது அதைவிடக் குறைவு. கேள்வி வாக்கியத்திலுள்ள "சராசரியாக", "குறைபாடுள்ள", "திரும்ப வைக்காமல்" போன்ற சொற்களைப் பார்த்து எந்தச் சூத்திரம் என்று அடையாளம் காணப் பயிற்சி வகுப்புகளில் பழக்குகிறார்கள். தேர்வறைக்கு வெளியே எந்த எண்ணிக்கையும் அப்படி அடையாளச் சீட்டு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

அதற்கு மாற்றாக நான் வைக்க விரும்பும் வினா இது. பெங்களூரில் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மழைநாளாக இருக்கும் வாய்ப்பு தெரியும் என்று கொள்க. 31 நாள்களில் மழைநாள்களின் எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலைப் பின்பற்றுமா? டெல் அவிவ் நகரின் மழையை வைத்து கேப்ரியலும் நாய்மனும் 1962-இல் காட்டியது, நேற்று மழை பெய்திருந்தால் இன்று பெய்யும் வாய்ப்பு கூடுகிறது என்பது. தாழ்வழுத்தம் ஒன்று உருவானால் பெங்களூரில் மூன்று நாள் விடாமல் தூறுவதை அங்கு வாழும் யாரும் அறிவார்கள். நாள்கள் ஒன்றையொன்று சார்ந்தவை; கொத்தாக வரும் மழை சராசரியை மாற்றாமல் சிதறலைக் கூட்டும்; மழையே இல்லாத அக்டோபரும் மாதமெல்லாம் நனைந்த அக்டோபரும் ஈருறுப்பு சொல்வதைவிட அடிக்கடி வரும். ஓர் எண்ணைக்கூடக் கணக்கிடாமல் இத்தனையும் எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுக்க விடைக்குறிப்பில் இடம் வேண்டும்.